ஸ்டெல்லா பிழைத்த கதை

தேவகோட்டையில் இருந்து காரைக்குடி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"வியாழக்கெழமை அவளைக் கொன்னுருப்பேன்க்கா. நீங்கதான் காப்பாத்துனீக," என்றார் கண்ணாடி போட்டவர்.

"யாரை டீச்சர்?" என்று பதறினார் பக்கத்தில் இருந்த அம்மா.

"என் தொடர்கதையில வர்ற ஸ்டெல்லாவை. கடைசி அத்தியாயம் அனுப்பணும். பரீட்சைப் பேப்பர், அடுப்படின்னு ஒரு மாசமாத் தூக்கமில்ல. காமாலை வந்து செத்துட்டான்னு எழுதிட்டா ரெண்டு பக்கத்துல முடிஞ்சுரும்னு நெனச்சேன்."

"அடப் பாவமே."

"அந்நேரம் பாத்துப் பக்கத்து வீட்டுல இருந்து ரசஞ்சோறும் பருப்புத் தொவையலும் கொண்டாந்தீக. பிள்ளைகளை நான் பாத்துக்கிறேன், சாப்பிட்டுப் படுங்கன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டுப் போனீக. சாயங்காலம் வரைக்கும் தூங்குனேன். எந்திரிச்சா அவளைக் கொல்ல மனசு வரல. எட்டுப் பக்கம் எழுதுனேன். நர்ஸ் வேலை கெடச்சு மதுரைக்குப் போயிட்டா. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"ஒரு வாய்ச் சோத்துக்கு இம்புட்டுப் பேச்சா?" அந்த அம்மா கூச்சத்துடன் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "தெரியாத ஊருல அந்தப் புள்ள அலுத்துப்போயி வந்தா, சோறு தண்ணி யாரு குடுப்பா டீச்சர்?"

டீச்சர் இன்னும் ஒட்டாமல் வைத்திருந்த கவரில் இருந்து கடைசித் தாளை உருவி, பேனாவைத் திறந்தார்.

"பக்கத்து வீட்டுல ஒரு அக்காவைக் குடி வச்சுருறேன்," என்றார்.