பாறையில் இடிக்கிற வரைக்கும்

"பாறையில இடிக்கற வரைக்கும் பின்னாடியே வாங்க" என்று செல்போனில் சொன்னாள் அந்தப் பெண். செஞ்சியிலிருந்து மேல்சித்தாமூர் போகும் சாயங்கால பஸ் மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டாள்: "இன்னாம்மா, வண்டிய இடிக்கச் சொல்ற?"

"எங்க வூட்டுக்காரரு பிளம்பரு, அக்கா. வேன் பின் கதவ நெம்பி, டிரில்லு, கட்டரு எல்லாத்தையும் தூக்கினு போயிட்டானுங்க. வேலையில்லாம உக்காந்துட்டாரு. இப்ப புதுசா வாங்கின சாமானும் போச்சுன்னா அவ்ளோதான். அதான் தெனமும் நானே நிறுத்துவேன். பின் கதவு வூட்டுக்குப் பின்னால இருக்கற பாறைய ஒட்டி, பக்கக் கதவு சுவத்த ஒட்டி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால கம்பி வலை. இன்னிக்கி அம்மா வூட்டுக்குக் கிளம்பிட்டேன், அவரு தனியா நிறுத்தறாரு."

ஜன்னலுக்கு வெளியே, பாறைமேல் பாறையாகக் கோட்டை மலை கொஞ்ச தூரம் எங்களோடு ஓடி வந்தது. அதைக் கட்டியவர்களும் முதலில் பாறையைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

"சுவத்துக்கும் கதவுக்கும் நடுவுல கை நுழையுதா?" என்று போனில் கேட்டாள்.

"நுழையல" என்றது ஸ்பீக்கரில் ஆண் குரல்.

"எங்க டிப்போவுல பஸ் நிறுத்த நீ வந்துடும்மா" என்றார் கண்டக்டர்.

சற்று நேரத்தில் அதே குரல் பதறியது. "செல்வி, சாப்பாட்டு கேரியர் வேனுக்குள்ளயே இருக்குது. பின் கதவு தொறக்கவே மாட்டேங்குது."

பஸ் ஏறியதிலிருந்து முதல்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப சரியா நிறுத்திட்டீங்க. கேரியர காலையில பாத்துக்கலாம், நிம்மதியா தூங்குங்க."