விரதத்தில் ஒரு பொட்டலம் கொலாஜன்

காலையில் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்குப் போகும் ஃபெரியில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் அவ்வளவு பக்கத்தில் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? மூத்தவர் நீட்டிய கேக்கை இளையவள் வாங்கவில்லை.

“முட்டை இருக்கும்க்கா. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன், விரதம்.”

பிறகு தண்ணீர்ப் போத்தலில் ஒரு பொட்டலம் தூளைக் கொட்டிக் குலுக்கினாள்.

“அது என்னா?”

“கொலாஜன்க்கா. புரோட்டீன் லா. மூணு இழையைச் சேர்த்து முறுக்குன கயிறு மாதிரி இருக்குமாம். அதுதான் தோலைத் தொய்யாம இழுத்துப் பிடிக்குதாம்.”

மூத்தவர் காலிப் பொட்டலத்தைக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தார். “மீன் தோல்லேர்ந்து எடுத்ததுன்னு போட்டிருக்கு.”

இளையவள் அதற்குள் பாதி குடித்திருந்தாள். போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“அந்தக் கயித்தத் துண்டு துண்டா நறுக்கித்தான்க்கா தூளாக்குறாங்க. அப்புறம் அது எப்படி மீனாகும்?”

“நறுக்குனா மீன் இல்லைன்னா, கயிறும் இல்லதானே? அப்புறம் உன் தோலை எது இழுத்துப் பிடிக்கும்?”

ஃபெரி கரையை நெருங்கியது. அவள் மீதியையும் குடித்துவிட்டுப் போத்தலை மூடினாள்.

“அக்கா, அந்தக் கேக்குல முட்டைய நல்லா அடிச்சுத்தானே ஊத்தியிருப்பாங்க?”