ரேகை வைத்து வாங்கிய கவர்

சுலக்ஷனா: ...பொய் சொல்லாதீங்க மாமா. தோட்டத்து ஆபீஸ்ல கிளாக்கர் ஐயா பொஸ்தகத்தையே திருப்பிக் காட்டினாரு.

வீரய்யா: என்னா காட்டினாரு?

சுலக்ஷனா: கவர் வந்த தேதி. என் பேரு. அதுக்குப் பக்கத்துல வாங்கினவங்க ரேகை.

வீரய்யா: ரேகைக்கு மூஞ்சி இருக்கா? இந்தத் தோட்டத்துல கையெழுத்துக்குப் பதிலா வெரல உருட்டுறவன் எத்தன பேரு...

சுலக்ஷனா: கீழ வீரய்யான்னு எழுதியிருக்கு.

வீரய்யா: வீரய்யா மூணு பேரு இருக்கான். தொங்கல் லயத்துல ஒருத்தன், கோயில் லயத்துல ஒருத்தன்...

சுலக்ஷனா: அவங்க பெருவெரல்லயும் கவ்வாத்துக் கத்தி வெட்டின தழும்பு இருக்கா? ரேகைக்கு நடுவுல கோடு கிழிச்ச மாதிரி விழுந்திருக்கு மாமா.

வீரய்யா: ...முப்பது வருசம் தேயிலச் செடியக் கவ்வாத்து வெட்டினவன் வெரலு வேற எப்பிடி இருக்கும்?

சுலக்ஷனா: அதான் கேக்குறேன். கவர் எங்க?

வீரய்யா: எனக்கென்ன தெரியும்.

சுலக்ஷனா: தபாலெல்லாம் ஆபீசுக்கு வந்து, அங்கேர்ந்து யாரு கைக்கோ போவுது. படிச்சுப் படிச்சுச் சொன்னேன், ஹட்டன் டவுன்ல தெரிஞ்ச கடை விலாசத்துக்கு அனுப்புங்கன்னு. ஏஜென்சிக்காரரு கேக்கல.

வீரய்யா: ஏஜென்சிக்காரரு! கழுத்துல டை கட்டினவன நான் நம்புறதில்ல. நம்ம லயத்து அழகன் அப்பிடித்தானே போனான்? ஐரோப்பான்னு சொல்லி டுபாய்ல எறக்கி விட்டான். மூணு மாசம் ஒட்டகத்தப் பாத்துட்டு வந்து சேந்தான்.

சுலக்ஷனா: அழகன் அண்ணன் எந்தக் காகிதமும் இல்லாம போனாரு. எனக்கு ருமேனியாவுலேர்ந்தே வேல பர்மிட் வந்திருக்கு. துணி தைக்கிற காமன்ட் பேக்டரி. ரெண்டு வருச ஒப்பந்தம்.

வீரய்யா: அந்த ஊரு பட்டிப்பொலய விடக் குளிரா?

சுலக்ஷனா: பனியே விழுமாம்.

வீரய்யா: பனி விழுற எடத்துல மனுசனுக்கு என்னா வேல?

சுலக்ஷனா: பேச்ச மாத்தாதீங்க. மத்தியானம் போன் வந்துச்சு. விசா குத்தின பாஸ்போட்ட அனுப்பி ரெண்டு வாரமாச்சாம். கையில இருக்கா இல்லயான்னு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லணும். இல்லன்னா திங்கக்கெழம டிக்கெட்ட ரத்துப் பண்ணிருவாங்க. அப்புறம் அந்த வேல வேற ஆளுக்குத்தான்.

வீரய்யா: இப்ப மணி என்னா?

சுலக்ஷனா: நாலரை.

வீரய்யா: தேத்தண்ணி இருக்கா?

சுலக்ஷனா: மாமா!

வீரய்யா: தேத்தண்ணிதானே கேட்டேன். என்னமோ ஒன் விசாவக் கேட்ட மாதிரி கத்துற.

சுலக்ஷனா: இந்தாங்க... சூடு, பாத்து. கால நீட்டுங்க.

வீரய்யா: என்னாத்துக்கு?

சுலக்ஷனா: ரத்தம் வழியுது. ரெண்டு கால்லயும் அட்டை கடிச்சிருக்கு.

வீரய்யா: வெறகுக்குப் போனேன்.

சுலக்ஷனா: எங்க வெறகு?

வீரய்யா: ஈரம். போட்டுட்டு வந்துட்டேன்.

சுலக்ஷனா: வெறகுக்கு எதுக்கு மம்பட்டி?

வீரய்யா: ...பன்னி வந்தா வெரட்ட வேணாமா?

சுலக்ஷனா: பத்து நாளா தெனம் பன்னி வருதோ? நான் கொழுந்துக்குப் போன பின்னாடி நீங்க மேமலைக்குப் போய்த் தண்ணிக் கான் வெட்டுறீங்க. இன்னைக்குத்தான் ஜீவராணி அக்கா சொல்லுச்சு.

வீரய்யா: அவளுக்கு வாய் ஓடுற வேகத்துல கை ஓடினா ரெண்டு ஆள் கொழுந்து எடுப்பா.

சுலக்ஷனா: வேலையிலேர்ந்து நின்னு நாலு வருசமாச்சு. லயத்துப் படி ஏறினாலே இரைக்குது. இடுப்பளவு கானுக்குள்ள எறங்கி மண்ணு வாருறீங்களே... உங்கள யாரு கேட்டா?

வீரய்யா: யாரும் கேக்கல. நானாத்தான் வேல பிரிக்கிற கண்டாக்கையா முன்னால போய் நின்னேன். கெழவா, பாதியிலயே படுத்துருவன்னாரு. எளந்தாரியெல்லாம் கொழும்புக்கு ஓடிட்டான், வேற எவன் வந்து ஒங்களுக்குக் கான் வெட்டுவான்னு கேட்டேன். யோசிச்சாரு. பத்து நாள் நின்னு காட்டு, அப்புறம் பேரு பதியலாம்னாரு.

சுலக்ஷனா: இந்த வயசுல பேரு பதிஞ்சு என்னா மாமா பண்ணப் போறீங்க?

வீரய்யா: நாம இருக்குற இந்த லயத்துக் காம்பரா இப்ப யாரு பேருல நிக்குது?

சுலக்ஷனா: என் பேர்ல.

வீரய்யா: நீ பிளேன் ஏறின மறுநாளே அந்தப் பேர வெட்டுவாங்க. தோட்டத்துல வேல செய்ய ஆள் இல்லாத குடும்பத்துக்குக் காம்பரா இல்ல. எம் மகன், ஒம் புருசன், கொழும்புக் கடையில நிக்கிறான், அவன வச்சுக் கேக்க முடியாது. நானும் ஒம் மகளும் எங்க போய்ப் படுக்குறது? நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டு மேலயா?

சுலக்ஷனா: அத நானும்... நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன்.

வீரய்யா: தெரியும். ஒரு வாரமா நீ சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு கோழிக்குத்தானே போடுற. அதனாலதான் கவரக் குடுக்கல. குடுத்திருந்தா வீடு போயிரும், நான் போகலன்னு உக்காந்திருப்ப.

சுலக்ஷனா: அப்ப வாங்கினது நீங்கதான்.

வீரய்யா: பின்ன? கோயில் லயத்து வீரய்யாவா?

சுலக்ஷனா: இவ்வளவு நேரமும் என்னா பொய்!

வீரய்யா: எது பொய்? மூணு வீரய்யா இருக்கான்னேன். இல்லயா?

சுலக்ஷனா: நல்லா வருது வாயில...

வீரய்யா: இரு, கேளு. இன்னைக்குப் பத்தாம் நாளு. காலையில பொம்பளைங்க கொழுந்துக்குப் போன பின்னாடி, பெரட்டுல ஆம்பளைங்க நிக்கிறோம், வேலைக்குப் பேரு கூப்புடுறாங்க. கடைசியா வீரய்யான்னாரு தொர. பக்கத்துல நின்ன கஜேந்திரன் முதுகுல ஒரு குத்து குத்தினான். அப்புறந்தான் இருக்கேங்கன்னேன். பேரு பதிஞ்சாச்சு புள்ள, இனி காம்பராவ எவனும் கேக்க முடியாது.

சுலக்ஷனா: மாமா...

வீரய்யா: அழாத. நீ அழுது முடிக்க அஞ்சு மணியாயிரும்.

சுலக்ஷனா: கானுக்குள்ள நீங்க விழுந்து கெடந்தா, அங்கேர்ந்து நான் எப்பிடி...

வீரய்யா: விழுந்தா தூக்கக் கொழுந்து லொறி இருக்கு. ரெண்டு வருசம்தானே, நிப்பேன். நீ வந்து எங்கயாவது ஒரு துண்டு மண்ணு வாங்கு. எவனும் வேலைக்கு வான்னு கூப்புடாத மண்ணா இருக்கணும். அன்னைக்கு இந்த மம்பட்டியத் தூக்கி அதே கான்ல போடுறேன்.

சுலக்ஷனா: போன்ல ஆமான்னு சொல்லவா, இல்லன்னு சொல்லவா?

வீரய்யா: கையில புடிச்சுக்கிட்டுச் சொல்லு. இல்லன்னா அந்த டைக்காரன் மாதிரி நீயும் வெறும் வாயாலதான் பேசுவ. நகரு... முருகன் படத்துக்குப் பின்னால. எட்டல. அந்தப் பலகைய இங்கிட்டுத் தள்ளு, ஏறிக்கிறேன்.

சுலக்ஷனா: நான் எடுக்குறேன், எறங்குங்க.

வீரய்யா: நான்தான் எடுக்கணும். நான் வச்சது. இந்தா, புடி... ஏய், என்னா இது?

சுலக்ஷனா: என்ன மாமா?

வீரய்யா: நான் வெறுங் கவராத்தானே சொருகினேன். பாண் வாங்கின பொலித்தீன் பையில சுத்தியிருக்கு. ரப்பர் வளையம் வேற போட்டிருக்கு. இது யாரு வேல?

சுலக்ஷனா: செவ்வா, வெள்ளி நான் சாமி படம் தொடைப்பேங்குறத மறந்துட்டீங்க மாமா. வந்த மறுநாளே பாத்துட்டேன். நீங்களா எடுத்துக் குடுத்தாத்தான் போறதுன்னு வாய் தெறக்காம இருந்தேன்... அந்தச் செவுரு மழைக்கு ஒழுகும். நனையாம மட்டும் சுத்தி வச்சேன்.