அகேயோ அந்துப்பூச்சி

என் கையெழுத்து மிகப் பொடியானது. சுண்டுவிரல் நகத்தளவு சீட்டில் ஊர், தேதி, எந்தச் செடியில் கிடைத்தது, யார் பிடித்தது என்று அத்தனையும் எழுதி ஊசியில் குத்திவிடுவேன். இருபத்திரண்டு வருடமாக நம் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் பூச்சி அறையில் எனக்கு அதுதான் வேலை. சீட்டில் ஏறும் பெயர்களெல்லாம் அடுத்தவர்களுடையவை. விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்கு, அம்மா, இது அற்பமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸாப்லோன் ஒச்சுகா என்ற என் பெயரை ஒரு பூச்சிக்குப் பக்கத்திலாவது பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

போன வருடம் ஏப்ரலில், யாலா சதுப்பில், கோரைத் தண்டில் முட்டையிட்டுக்கொண்டிருந்த பெண் அந்துப்பூச்சி ஒன்றைப் பிடித்தேன். மரத்தூள் நிறம், சிறகோரத்தில் ஒரு கறுப்புக் கீற்று. தண்டுத் துளைப்பான் வகைதான். நம் மாதிரிப் பெட்டிகளில் அப்படி ஒன்று கிடையாது. வேறெந்தப் பெட்டியிலும் கிடையாது. ஆனால் பெண்ணை மட்டும் வைத்துப் புது இனம் என்று சொன்னால் யாரும் ஒப்பமாட்டார்கள். ஆணின் வயிற்றைக் காரக் கரைசலில் வேகவைத்து, உள்ளே இருக்கும் இணைசேரும் கொக்கியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்; இனத்துக்கு இனம் மாறுவது அதுதான். ஒரு ஆண் போதாது, ஒரு வரிசையே வேண்டும்.

முட்டைகள் பொரிந்தன. கண்ணாடிக் குழாயில் போட்ட கோரை இரண்டே நாளில் அழுகியது. தொழிலில் எல்லோரும் செய்வதுபோல மக்காச்சோளத் தண்டை நறுக்கிப் போட்டேன். ஆசையாகத் தின்றன. அதுவும் அழுகியது. உயிரோடு நிற்கும் தண்டு வேண்டியிருந்தது.

பிலிஸ்டா என்பவளின் மக்காச்சோளக் காடு சதுப்பை ஒட்டி இருந்தது. புருஷன் இல்லாதவள், அகேயோ என்று ஆறு வயதில் ஒரு மகள். அறுவடைக் காலத்தில் பிறந்ததால் அந்தப் பெயர். சோளம் முழங்காலளவு நின்றது. தாயும் மகளும் சந்தைக்குப் போயிருந்த ஒரு பகலில், தூரிகை நுனியால் குருத்துக்கு மூன்று புழுவாக வைத்தேன். நூற்று நாற்பது செடி. பதமாகத்தான் வைத்தேன்.

இரண்டு வாரத்தில் பிலிஸ்டா, காய்ந்த நடுக்குருத்து ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"டாக்டர், இழுத்தா கையோட வருது. இப்படி ஒரு புழுவ நான் பாத்ததே இல்ல. குருத்துல சாம்பல் போடவா?"

"சாம்பல் வேண்டாம். செடி வெந்துடும். பிடுங்கவும் வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

"நீங்க என்னத்த பாக்குறீங்க? புழு ஆம்பளையா பொம்பளையான்னு பாக்கத்தான் இத்தன படிப்பா?"

சிரித்துக்கொண்டே கேட்டாள். நானும் சிரித்தேன். அவள் கேட்டதில் தவறொன்றும் இல்லை. அங்கே பெண்கள் காலங்காலமாகக் குருத்தில் சாம்பல் போடுகிறார்கள். அது நன்றாகவே வேலை செய்யும். அதனால்தான் தடுத்தேன்.

ஜூனில் பத்தொன்பது பெண், நான்கு ஆண் கிடைத்தன. பிடிபடாமல் போனவை அவள் நாத்தனாரின் காட்டுக்குப் போயின, பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கமும் போயின. பிலிஸ்டா வீட்டில் உகாலிக் களி கிண்ட மாவில்லாமல் போயிற்று. அதற்கும் நான்தான் காரணம் என்கிறீர்கள். மழையும் அந்த வருடம் சரியில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்கு ஆணில் இரண்டை வேகவைக்கும்போது கெடுத்துவிட்டேன். ஆகவே சிறுமழைப் பருவத்துக்கும் அவள் விதைக்க வேண்டும். நிலையத்தின் கிடங்கிலிருந்து ஒரு பை விதை எடுத்துக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மருந்து தடவிய சிவப்பு விதை. சிவப்பென்றால் விஷம் என்று பையிலேயே ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் விதையைக் கொடுத்தது விதைக்க. பாதியைத்தான் விதைத்தாள். விதைத்தது குருத்துவிட்ட பிறகு, வீட்டில் ஒன்றும் இல்லாத ஒரு நாள், மீதியைச் சாயம் போக ஏழு தண்ணீரில் கழுவி அவித்திருக்கிறாள். அன்றைக்குத் தானும் பசியாக இருந்தும் பிள்ளைக்குத்தான் முதலில் கொடுத்திருக்கிறாள்.

அகேயோவை மறுநாள் காலை, காய்ந்த சோளத்துக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். நான் போயிருந்தேன். திரும்பும் வழியில் புதுக் குருத்துகளைப் பார்த்தேன், புழு நன்றாகப் பிடித்திருந்தது. டிசம்பரில் பதினொரு ஆண் கிடைத்தன.

என்னை வெட்கப்படச் சொல்கிறீர்கள். மாட்டேன். புது இனத்துக்கு நான் எழுதிய விவரிப்பை எடுத்து வாசியுங்கள். சிறகின் அளவு, கொக்கியின் வளைவு, கீற்றின் நிறம், ஒன்றிலாவது பிழை கண்டுபிடித்துக் காட்டுங்கள். 'வாழும் செடி: மக்காச்சோளம், இயற்கையாக' என்று எழுதியிருக்கிறேன். அதில் கடைசிச் சொல் மட்டும் சரியில்லை. அடித்துவிடுகிறேன்.

இனத்துக்குத் தன் பெயரையே வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் மரியாதை இல்லை. நான் அகேயோவின் பெயரை வைத்தேன். விவரித்தவன் பெயர் அதற்குப் பக்கத்தில் வரும், அதுதான் முறை. இனி எந்தப் பெட்டியில் யார் சீட்டு எழுதினாலும் முதலில் அவள், அடுத்து நான். ஆறு வயதுப் பிள்ளைக்கு வேறு யார் இவ்வளவு செய்திருப்பார்கள்?

அச்சாகி வந்த அன்றே பிலிஸ்டாவிடம் போய்ச் சொன்னேன். குருத்துகளைப் பிரித்துப் புழுப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் ஒன்று நெளிந்துகொண்டிருந்தது.

"இதுக்கா அவ பேரு? இனிமே இத நசுக்கக்கூட எனக்குக் கை வராதே, டாக்டர்."

சொல்லிவிட்டு அதைத் திரும்பவும் குருத்திலேயே விட்டாள். அதை நான் நன்றி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.