மருமகள் நிறுத்திய புரோகிராம்

ஆரணியிலிருந்து முள்ளிப்பட்டு போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இருவர் வீட்டிலும் பட்டுத்தறி ஓடுகிறது என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"எம் மருமவளுக்கு லினக்ஸ் தெரியும்," என்றார் மூத்தவர். செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன்.

"அது இன்னாக்கா?"

"தறி மேல டிசைன் போடற கம்ப்யூட்டர் பொட்டி இருக்குதில்ல, அதுக்குள்ள ஓடறது. எங்க பொட்டி பழசு. பாதி பார்டர்ல அப்படியே நின்னுடும். ரிப்பேர்காரரு, 'மெமரி பத்தல, புதுசு வாங்கிடுங்க'ன்னுட்டாரு. கல்யாணப் பொடவை ஒண்ணு தறியிலயே நின்னுபோச்சு."

"அய்யய்யோ! அப்புறம்?"

"மருமவ உள்ள பூந்து பாத்துச்சு. யாராவது புதுசா எதையாவது சொருகறாங்களான்னு பாக்கறதுக்குன்னே ஒரு புரோகிராம் நாள்பூரா ஓடிகினு கெடந்துதாம். நாங்க டிசைன் மாத்தறப்ப மட்டும்தான் பென்டிரைவ் சொருகுவோம். மத்த நேரத்துல அது எதுக்கு மெமரிய புடிச்சிகினு இருக்கணும்? சொருகறப்ப மட்டும் ஓடி, வேலைய முடிச்சிட்டு நின்னுடற மாதிரி மாத்திடுச்சு. அன்னிலேர்ந்து தறி நிக்கவே இல்ல. பொடவையும் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேந்துடுச்சு."

"ரிப்பேர்காரரு இன்னா சொன்னாரு?"

"நேத்து வந்தாரு. 'எப்படிம்மா பண்ணே'ன்னு கேட்டு நோட்டுல எழுதிகினாரு. எம் மருமவ நாற்காலியில உக்காந்துகினு சொல்லிக்குடுத்துச்சு. ரெண்டு பேருக்கும் நான்தான் டீ போட்டேன்."