பெட்ரி தட்டில் ஐந்து விரல்

வீட்டில் நான் கை கழுவாமலேயே சாப்பிட உட்கார்ந்துவிடுகிற ஆள், டாக்டரம்மா. மனைவி இன்றைக்கும் தட்டை எட்ட இழுத்துக்கொண்டு குழாயைக் காட்டுவாள். ஆய்வகத்தில் அந்தக் கதை நடக்காது. செருப்பை வெளியே விட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டு, ஸ்பிரிட் தடவிக்கொண்டால்தான் உள்ளே போகலாம். மூலிகைச் செடியின் கணுக்களை நறுக்கி, பாட்டிலில் சர்க்கரையும் சத்தும் கலந்த கூழில் நட்டு வளர்க்கிறோம். ஒரே கணுவிலிருந்து வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் கன்றுகள் எடுக்கலாம். ஒரு கிருமி நுழைந்தாலும் அந்தப் பாட்டில் அம்பேல்.

உங்களிடம் சிகிச்சைக்கு வரும் பெண்ணுக்கு வேலை செய்த இடத்தில் என்ன நேர்ந்தது என்று எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். அவளுக்கு மேலே இருந்தவன் நான்தான். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நீங்கள் கேட்ட விதம் மரியாதையாக இருந்தது.

கணுக்களைப் பாட்டிலுக்குப் பாட்டில் மாற்றி நடுவது அவள் வேலை. ஆறு வருடமாக அவள் தொட்ட பாட்டில் கெட்டதாகச் சரித்திரம் இல்லை. எல்லோரும் அவளைக் கைராசி என்றுதான் கூப்பிடுவோம். இயக்குநர்கூட அப்படித்தான். என்னை அவள் அண்ணா என்பாள்.

போன வருடம் ஒரு மருந்துக் கம்பெனி ஈரல் நோய்க்கான மூலிகையில் பத்தாயிரம் கன்று கேட்டது. தாய்ச்செடியைத் தேர்ந்தெடுத்தது நான். முப்பது செடிகளில் அதுதான் தளதளவென்று நின்றது. இயக்குநர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அதிலிருந்து நாலாயிரம் பாட்டில் போட்டோம். மூன்றாம் மாதம் கூழில் பால் கலங்கியதுபோல வெள்ளை படர ஆரம்பித்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கையிலிருந்தோ காற்றிலிருந்தோ விழுந்த கிருமி கூழின் மேலே கண்ட இடத்தில் முளைக்கும். செடிக்குள்ளேயே குடியிருக்கும் கிருமி என்றால், தண்டை வெட்டிய முனையைச் சுற்றித்தான் முதலில் வெள்ளை வரும். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமானவருக்கும் இது தெரியும். முதல் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளை தண்டின் முனையில்தான் இருந்தது. கோளாறு நான் பொறுக்கிய செடியில்.

கூட்டத்தில் இயக்குநர், "யார் கை?" என்று கேட்டார். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. பார்த்துக்கொள்கிறேன் சார் என்று மட்டும் சொன்னேன். மாற்றி நடுகிற மேசையில் அப்போது இருந்தது அவள் ஒருத்திதான். பிரசவ விடுப்பு முடிந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கெடுகிற பாட்டில்களையெல்லாம் அவள் பார்க்கும் முன்பே கழுவும் அறைக்கு அனுப்பச் சொன்னேன். பார்த்தால் பாவம் வருத்தப்படுவாளே என்று நினைத்தேன்.

மறுநாள் அவளே வந்தாள். எங்கே தப்பு செய்கிறேன் என்று புரியவில்லை என்றாள். நான் பரிவாகத்தான் பேசினேன். "குழந்தை இருக்கற வீடு. துணி, பாலு, மூத்திரம்னு ஆயிரம் இருக்கும். பாத்து இரும்மா" என்றேன். கோபப்படவில்லை, திட்டவில்லை. அந்த வாரம் அவள் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் விரல் நுனியெல்லாம் ஸ்பிரிட்டில் வெந்து உரிந்திருந்தது. பாட்டில்கள் அதே வேகத்தில் கெட்டுக்கொண்டிருந்தன.

கடைசியில் சோதனை செய்யச் சொன்னவளும் அவள்தான். "தெரிஞ்சுடட்டும்ணா. மனசு அடிச்சுக்குது" என்றாள். கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய பெட்ரி தட்டில் ஐந்து விரலையும் பதிக்க வேண்டும். இரண்டு நாள் சூட்டில் வைத்தால், கையில் கிருமி இருந்தால் புள்ளி புள்ளியாக முளைக்கும். பதித்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் கழித்துத் திறந்தேன். துடைத்துவிட்டதுபோல இருந்தது.

அந்தத் தட்டை வெளியே காட்டினால் அடுத்த கேள்வி தாய்ச்செடியைப் பற்றித்தான். அதனால் இன்னொரு தட்டு எடுத்தேன். மத்தியானம் சாப்பிட்டு முடித்த நேரம். என் ஐந்து விரலையும் அதில் பதித்து, அவள் பெயரும் தேதியும் எழுதி வைத்தேன். நன்றாக வளர்ந்தது.

காட்டும்போது ஒரு பயம் இருந்தது. புள்ளிகளுக்கு நடுவே இருந்த அகலம் ஒரு ஆம்பளைக் கையின் அகலம். அவளுடையது சின்னக் கை. அந்தத் தட்டின் மேல் ஒரே ஒரு தடவை விரலை விரித்து வைத்துப் பார்த்திருந்தால் என் குட்டு உடைந்திருக்கும். அவள் வைத்துப் பார்க்கவில்லை. அண்ணன் காட்டியதைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கூனிக் குறுகிப் போகிறேன்.

அழவும் இல்லை. "இந்தக் கையாலதானண்ணா குழந்தையத் தூக்கறேன்" என்றாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். என் வாயில் வந்தது, "எதுக்கும் கொஞ்சம் ஜாக்கிரதையா இரு" என்பதுதான்.

மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டாள். அவள் போன பிறகும் மூன்று வாரம் அதே வெள்ளை வந்தது. யாரும் கேட்கவில்லை. நான் ஒவ்வொரு தாய்ச்செடியிலும் ஒரு துண்டைச் சத்து நீரில் போட்டுப் பரிசோதித்த பிறகே சேர்க்க வேண்டும் என்று முறையை மாற்றினேன். அந்தச் செடியில் நூறில் நாற்பது பாட்டில் கெட்டது, இப்போது மூன்று. இந்த முறை என் பெயரில்தான் இருக்கிறது. கற்றுக்கொள்ள வெளியிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள்.

அவள் கணவர் போனில் சொல்லித்தான் மற்றதெல்லாம் தெரியும். குழந்தைக்குப் பதினோரு மாதமாம். தவழ்ந்து காலைக் கட்டிக்கொள்ள வந்தால், இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலியில் ஏறி நிற்கிறாளாம். பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் அவர்தான். போன வாரம் போனை அவள் காதில் வைத்தார். "அண்ணா, பாட்டில்லாம் இப்ப சுத்தமா இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "நான் இல்லேல்ல, அதான்" என்றாள். சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான், டாக்டரம்மா. அவள் கையில் ஒரு நாளும் அழுக்கு இருந்ததில்லை. அழுக்கு என்னுடையது. உங்களுக்குத் தெரிந்தால் வைத்தியம் பார்க்க உதவும் என்றுதான் ஒன்று விடாமல் எழுதினேன். ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாதீர்கள். என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்பதாக நினைக்க வேண்டாம். அண்ணனே இப்படிச் செய்தான் என்று தெரிந்தால் அவள் மனம் தாங்காது.