கந்தப்பனுக்கு ஏற்றிய விளக்கு

பழைய இசைத்தட்டைத் துடைக்க வேட்டித் துணியைவிட நல்லது கிடையாது. பனியன் துணி நூல் விடும். கடையில் விற்கிற ஸ்பொஞ்ச் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் கொட்டகலையில் வருஷத்தில் எட்டு மாதம் பனியும் மழையும்தான். அதனால் வாரம் ஒரு தடவை தட்டை எடுத்து, வட்டத்தோடு வட்டமாகக் கை அழுத்தாமல் துடைக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேலாக நான் அப்படித்தான் செய்கிறேன். உங்கள் அப்பாவின் குரல் இன்றைக்கும் கீறல் இல்லாமல் கேட்கிறதென்றால் காரணம் அந்தத் துணிதான்.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, பூரணி. என்னைப் பற்றி நீங்கள் என்ன முடிவுக்கு வந்தாலும் வரலாம். அக்கறை இல்லாத ஆள் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது.

உங்கள் கடிதம் கூடலூரிலிருந்து 2003 கார்த்திகையில் வந்து சேர்ந்தது. ஒரே கேள்விதான் கேட்டிருந்தீர்கள். 1996 சித்திரையில் படகேறி இலங்கைக்கு வந்த அப்பா என் கடைக்கு வந்தாரா, இன்னும் உயிரோடு இருக்கிறாரா? உங்கள் அம்மா மீனம்மா காலையில் பொட்டு வைத்துக்கொள்கிறார், சொந்தக்காரர் யாராவது வாசலில் நின்றால் துடைத்துவிடுகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்த அன்று நான் கடையைத் திறக்கவில்லை. பதிலும் போடவில்லை. மூன்று வருஷம் ஆகப்போகிறது.

நீங்கள் அங்கே பிறந்த பிள்ளை. உங்கள் அப்பா எங்களுக்கு யார் என்பது உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. டனல் போய்ஸ் என்று ஒரு பேண்ட். நாலு பேரும் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீடுகளில் பிறந்தவர்கள். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நின்று கத்திப் பாடிப் பழகியதால் அந்தப் பேர். இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார், ஒரு டிரம் செட், நடுவில் பெல்பொட்டமும் நீளத் தலைமுடியுமாகக் கந்தப்பன். கொழும்புக்காரர்கள் இங்கிலீஷில் பாடிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் விடியலில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக் களத்தைப் பற்றியும் கங்காணியின் குடையைப் பற்றியும் நம்ம பேச்சிலேயே பாடினார்கள். கேட்டவன் உட்கார்ந்திருக்க முடியாது. நாலு பாட்டோடு ஒரே ஓர் இசைத்தட்டு வந்தது. அதில் இரண்டாவது பாட்டில், கொழுந்து என்ற சொல்லின் நடுவில் அவருக்கு மூச்சு முட்டிவிடும். கொழு என்று நின்று, மூச்சை இழுத்து, பிறகுதான் முடிப்பார். திரும்பப் பதிய நேரம் கொடுக்கவில்லையாம். அந்த மூச்சுதான் எங்களுக்கு உயிர். இன்றைக்கும் கூட்டத்தில் தட்டைப் போட்டால், அந்த இடத்தில் இருநூறு பேரும் சேர்ந்து மூச்சிழுப்போம்.

1975-ல் இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி நாலு குடும்பத்தையும் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி நகர்ந்தபோது பிளாட்பாரம் முழுக்க அழுதது. நானும் அழுதேன். அடுத்த ஆனி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, வாசிகசாலையில் இருபது பேரைக் கூட்டித் தட்டைப் போட்டேன். ரேடியோ திருத்துகிற கடை எனக்கு இருந்தது, ப்ளேயரும் இருந்தது. அப்படித்தான் வருஷா வருஷம் கூடுகிற அந்த ரசிகர் கூட்டத்துக்கு நான் தலைவரானேன்.

இனி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1988 கூட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். வெளியே கொட்டு கொட்டென்று மழை. அந்த வாரம்தான் டிரம் அடித்த ஆண்டியப்பன் கூடலூரிலிருந்து ஒரு கடிதம் போட்டிருந்தார். கந்தப்பனுக்குத் தொண்டையில் கட்டி, ஆபரேசன் நடந்தது, ஆள் தேறிவிட்டார், இனிமேல் பாட முடியாது என்று எழுதியிருந்தது. நான் எழுந்து நின்று அதை வாசித்தேன். தொண்டையில் கட்டி என்கிற இடத்தில் மேலே வாசிக்க முடியாமல் நின்றுவிட்டேன். லொறி ஓட்டுகிற மாயாண்டி தலையில் அடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஐயோ, போயிட்டாரா அண்ணே? கந்தப்பண்ணே போயிட்டாரா?"

நான் ஆமென்று சொல்லவில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பாட முடியாத கந்தப்பனுக்கும் செத்துப்போன கந்தப்பனுக்கும் எங்களைப் பொறுத்தவரை என்ன வித்தியாசம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் எழுபது பேர் வந்தார்கள். தொண்ணூற்றிரண்டில் நூற்றைம்பது பேர். டிக்கோயாவிலிருந்தும் பொல்பிட்டியவிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, அவருக்குப் பிடித்த ரொட்டியும் கட்டச்சம்பலும் கால் போத்தல் சாராயமும் படைத்தோம். மாயாண்டி தன் கடைசி மகனுக்குக் கந்தப்பன் என்றே பேர் வைத்தார். நான் வருஷா வருஷம் பேசினேன். என் உயிர்த் தோழன் என்று சொல்லித்தான் தொடங்குவேன். பாட்டுகளைக் கசெட்டில் ஏற்றி, முன்னால் என் குரலில் "மறைந்த பாடகர் கந்தப்பன் நினைவாக" என்று ஒரு வரி சேர்த்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

அதில் ஒன்று உங்கள் வீட்டுக்கே வந்ததை உங்கள் கடிதத்தில்தான் அறிந்தேன். அப்பா அதைப் போட்டுக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். "சிவசாமி நம்மளக் கொன்னுப்புட்டான் பாரு. போயி படத்துக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, இந்தா இருக்கேன்டான்னு ஒரு சத்தம் போட்டுட்டு வாறேன்" என்றாராம். அந்த மனுஷன் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

1996 வைகாசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பொலிஸ் ஜீப் கடைக்கு வந்து என்னைப் பொலிஸ் ஸ்டேசனுக்கு ஏற்றிக்கொண்டு போனது. எந்த ஊர் பொலிஸ் என்று எழுதவில்லை, அவர்கள் மேல் குற்றமில்லை. சார்ஜன் சிங்களவர், தன்மையான மனுஷர். எனக்கு நாற்காலி போட்டார். பஸ்ஸில் அடையாள அட்டை இல்லாமல் ஒருவரைப் பிடித்திருப்பதாகவும், அவர் தன்னைப் பாடகர் கந்தப்பன் என்று சொல்வதாகவும், வேண்டுமானால் கொட்டகலை ரேடியோக் கடைச் சிவசாமியைக் கேளுங்கள் என்றதாகவும் சொன்னார்.

"என்னிடமும் உங்கள் கசெட் இருக்கிறது" என்றார் சார்ஜன். நாங்கள் சிங்களத்தில்தான் பேசினோம். "சொல் விளங்காது. அந்த மூச்சு வாங்குகிற இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீங்கள் அவர்தான் என்று சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். உங்களோடு அனுப்பிவிடுகிறேன். காலம் கெட்டுக் கிடக்கிறது, இந்த மாதிரி ஆளை நான் இங்கே வைத்திருக்க முடியாது."

உங்கள் அப்பாவைக் கூட்டிவந்தார்கள். மெலிந்துபோயிருந்தார். முன்பல் இரண்டு இல்லை. கழுத்தில் ஒரு துண்டு சுற்றியிருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து சிரித்து ஏதோ சொன்னார். சார்ஜன், பாட்டுக்காரர் என்றால் பாடுங்களேன் என்றார். அவர் துண்டை அவிழ்த்துவிட்டு, இரண்டாவது பாட்டைப் பாடினார். குரல் என்று ஒன்று இல்லை, பூரணி. வெறும் காற்று வந்தது. சார்ஜன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழு என்ற இடத்தில் உங்கள் அப்பா நின்று, மூச்சை இழுத்தார். அளவு ஒரு நூல் பிசகவில்லை. இருபது வருஷம் தட்டைத் துடைத்தவனுக்கு அது போதும்.

"இவர் அவரா?" என்று சார்ஜன் கேட்டார்.

சிங்களத்தில் "இல்லை" என்பது ஒற்றைச் சொல், அதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. கந்தப்பன் செத்து எட்டு வருஷமாகிறது, வருஷா வருஷம் விளக்கேற்றுகிறோம், ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் அப்பாவுக்குச் சிங்களம் தெரியும். அவர் என்னைத் திட்டவில்லை. துண்டைத் திரும்பக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, "சரிப்பா. மீனம்மாவுக்கு மட்டும் ஒரு கடுதாசி போட்டுரு" என்றார். முகவரியையும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

எதிர்க் கடையில் ரொட்டியும் சம்பலும் பார்சல் கட்டி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று சார்ஜன் சொல்லியிருந்தார்.

இரண்டு நாளில் அவரை வேறு பலரோடு லொறியில் ஏற்றித் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வருஷம் கழித்து, மனசு கேட்காமல் போய் விசாரித்தேன். பொய்ப் பேர் சொன்ன ஆள் என்று என் கையெழுத்தின் பேரில் பதிந்திருந்ததால், எந்தப் பேரில் தேடுவது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் எங்கெங்கோ எழுதிக் கேட்டும் கந்தப்பன் என்று ஒருவர் இங்கே பிடிபடவே இல்லை என்று பதில் வந்ததாகச் சொல்லியிருந்தீர்கள். அதற்குக் காரணம் நான். அவர் இருக்கிறாரா இல்லையா என்பது எனக்கும் தெரியாது. தெரியாமல் போகும்படி செய்தது மட்டும்தான் தெரியும்.

அந்த ஆனி மாதக் கூட்டத்துக்கு இருநூறு பேர் வந்தார்கள். மாயாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எவனோ ஒருத்தன் அண்ணே பேரச் சொல்லி ஏமாத்தப் பாத்தானாமே தலைவரே. என் கையில ஆம்புட்டிருந்தா பல்லக் கழட்டியிருப்பேன். நீங்கதான் விடலயாம்ல. நீங்க இல்லாட்டி அண்ணே பேரு நாறியிருக்கும்."

விடுங்க, பாவம், அவனும் வயித்துக்குத்தானே என்று நான் சொன்னேன். என் வாயால் அப்படிச் சொன்னேன். பிறகு விளக்கேற்றினேன். படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கூட்டம் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டது.

இவ்வளவு நாளும் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம் இதுதான். அந்தக் குரலை இத்தனை பேர் கோயில் மாதிரி வைத்திருக்கிறார்கள், அந்தக் காற்றைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் நிறுத்தினால் தாங்கமாட்டார்கள், அவர்களுக்காகத்தான் செய்தேன் என்று. நன்றாக யோசித்துப் பார்த்தால் அது பொய். மாயாண்டி அவர் காலில் விழுந்து கும்பிட்டிருப்பார். தோளில் தூக்கி வைத்துக் கொட்டகலைக் கடைவீதி முழுக்கச் சுற்றியிருப்பார்கள். குரல் இல்லாவிட்டால் என்ன, இருநூறு பேரும் அவருக்காகப் பாடியிருப்பார்கள். அந்தப் பிரியம் அப்படிப்பட்டது. அதை என்னைவிட அறிந்தவன் கிடையாது.

என்னைக் கண்டதும் சிரித்து ஏதோ சொன்னார் என்று மேலே எழுதினேன். என்ன சொன்னார் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"டேய் வயரு, நாந்தான்டா. சொல்லுடா இவுககிட்ட" என்றார்.

நான் அவருக்கு உயிர்த் தோழனெல்லாம் இல்லை. டனல் போய்ஸுக்கு வயர் சுற்றியவன். கச்சேரிக்கு முன்னால் வயரை விரிப்பேன், முடிந்ததும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு லொறியின் பின்னால் ஏறுவேன். நாலு பேரும் என்னை வயரு என்றுதான் கூப்பிடுவார்கள். பிரியமாகத்தான் கூப்பிட்டார்கள். அவர்கள் கோச்சி ஏறிய பிறகு இருபத்தொரு வருஷம் யாரும் என்னை அப்படிக் கூப்பிடவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்தபோதே நான் முடிவு செய்துவிட்டேன், பூரணி. அவர் பாடியது அதற்குப் பிறகுதான். பாடாமலே இருந்திருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். பொட்டைப் பற்றி ஏதும் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

வருகிற ஞாயிறு கூட்டம். இந்த வருஷம் கண்டியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், பந்தல் போட்டாயிற்று. இந்த நேரத்தில் நீங்கள் ஒரு போன் போட்டு யாரிடமாவது கேட்டுவிட்டால் எல்லாரும் கலங்கிப்போவார்கள், பாவம். அது முடியட்டும். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக இதைத் தபால் கந்தோரில் சேர்த்துவிடுகிறேன். போன வருஷமும், அதற்கு முந்திய வருஷமும், திங்கட்கிழமை என்றுதான் எழுதியிருந்தேன்.